வேலை சொன்ன ஓட்டு, படிப்பு சொல்லும் ஓட்டு

இங்கிலாந்தில் இரண்டு தொகுதிகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று போல்சோவர், டெர்பிஷயரின் பழைய நிலக்கரிப் பகுதி. 1950-ல் இந்தத் தொகுதி உருவானதிலிருந்து தொழிலாளர் கட்சியைத் தவிர வேறு யாரும் அங்கே ஜெயித்ததில்லை. 1970 முதல் அதன் எம்.பி.யாக இருந்த டென்னிஸ் ஸ்கின்னரே சுரங்கத்தில் வேலை பார்த்தவர்தான். 2019 டிசம்பர் தேர்தலில் அவர் கன்சர்வேட்டிவ் வேட்பாளரிடம் தோற்றார்.

இன்னொன்று கேன்டர்பரி. புகழ்பெற்ற பேராலயம் உள்ள ஊர். கென்ட் பல்கலைக்கழகமும் அங்கேதான் இருக்கிறது. 1918 முதல் கன்சர்வேட்டிவ் கட்சியின் கையில் இருந்த இந்தத் தொகுதியை 2017-ல் தொழிலாளர் கட்சி வெறும் 187 ஓட்டு வித்தியாசத்தில் பிடித்தது. 2019-ல் அந்தக் கட்சி நாடெங்கும் அடி வாங்கியபோதுகூட கேன்டர்பரி அதன் கையை விட்டுப் போகவில்லை.

தன் பெயரிலேயே தொழிலாளரை வைத்திருக்கும் கட்சி சுரங்க ஊரில் தோற்கிறது, மாணவர்களும் பேராசிரியர்களும் நிறைந்த ஊரில் ஜெயிக்கிறது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் யாராவது இப்படி நடக்கும் என்று சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். ஒருவர் என்ன வேலை செய்கிறார், எதுவரை படித்திருக்கிறார் என்பதற்கும் அவர் போடும் ஓட்டுக்கும் என்ன தொடர்பு? அது ஏன் இப்படித் தலைகீழானது? பிரிட்டனை வைத்துப் பார்த்தால் இதைப் புரிந்துகொள்வது எளிது. வேறு பல நாடுகளில் மதம், மொழி, இனம், வட்டாரம் எல்லாம் சேர்ந்து கணக்கைக் குழப்பிவிடும். பிரிட்டனில், அதிலும் இங்கிலாந்தில், ரொம்ப காலம் ஒரே ஒரு கோடுதான் பெரிதாகத் தெரிந்தது: வர்க்கம்.

எப்படி அளக்கிறார்கள்?

ஓட்டு ரகசியம். வாக்குச் சீட்டில் வேலையும் எழுதியிருக்காது, படிப்பும் எழுதியிருக்காது. ஆகவே நமக்குத் தெரிவதெல்லாம் கருத்துக்கணிப்புகள் வழியாகத்தான். சில ஆயிரம் பேரிடம் யாருக்குப் போட்டீர்கள், என்ன வேலை, எதுவரை படித்தீர்கள் என்று கேட்டுக் கூட்டிப் பார்ப்பதுதான் வழி.

வேலையை அளக்க பிரிட்டனில் ஒரு பழைய ஏணி இருக்கிறது: ஏ, பி, சி1, சி2, டி, இ என்று ஆறு படிகள். மேலே உயர் நிர்வாகிகள், மருத்துவர்கள், வழக்கறிஞர்கள். நடுவில் சி1, அதாவது குமாஸ்தா, மேற்பார்வையாளர் போன்ற மேசை வேலைக்காரர்கள். அடுத்து சி2, கைத்தொழில் தெரிந்த எலக்ட்ரீஷியன், பிளம்பர் வகையினர். கீழே டி, இ. கருத்துக்கணிப்பு அட்டவணைகளில் முதல் மூன்றையும் ஒரு மூட்டையாகவும் கடைசி மூன்றையும் இன்னொரு மூட்டையாகவும் கட்டிவிடுவார்கள். நடுத்தர வர்க்கம், உழைக்கும் வர்க்கம் என்று செய்திகளில் வருவது பெரும்பாலும் இந்த இரண்டு மூட்டைகள்தான்.

இதில் ஒரு கோளாறு உண்டு. 'இ' படியில் அரசு ஓய்வூதியத்தை மட்டுமே நம்பி வாழும் முதியவர்களும் அடக்கம். அவர்களில் பலர் சொந்த வீட்டில், கடன் ஏதுமின்றி இருப்பவர்கள். அட்டவணை அவர்களையும் உழைக்கும் வர்க்கக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு உதவும்.

ஓட்டை வேலை சொன்ன காலம்

1964 தேர்தலை ஆராய்ந்தவர்களின் கணக்குப்படி, உடலுழைப்பு வேலை செய்தவர்களில் சுமார் 64 சதவீதம் பேர் தொழிலாளர் கட்சிக்கு ஓட்டுப் போட்டார்கள். மேசை வேலைக்காரர்களில் அந்தக் கட்சிக்குப் போட்டவர்கள் சுமார் 22 சதவீதம்தான். முதல் எண்ணிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் 42. இந்தக் கழித்தலுக்கு ஆல்ஃபர்ட் குறியீடு என்று பெயர். 1960-களில் அமெரிக்க சமூகவியலாளர் ராபர்ட் ஆல்ஃபர்ட் பயன்படுத்திய முறை இது. எண் 100 என்றால் ஓட்டும் வர்க்கமும் ஒன்றே. பூஜ்யம் என்றால் ஒருவரின் வேலையைத் தெரிந்துகொள்வதால் அவர் ஓட்டைப் பற்றி ஒன்றும் தெரியப்போவதில்லை. 42 என்பது பெரிய எண்.

ஏன் அப்படி இருந்தது? சம்பளம் கூட வேண்டும், வரி பணக்காரன் கட்டட்டும் என்று தொழிலாளி நினைப்பது இயல்பு. ஆனால் காரணம் அது மட்டுமல்ல. ஒரு சுரங்க ஊரில் ஒருவனுடைய நாள் எப்படிக் கழிந்தது என்று யோசித்துப் பாருங்கள். அப்பா சுரங்கத்தில், அண்ணன் சுரங்கத்தில். குடியிருப்பது உள்ளாட்சி கட்டிக்கொடுத்த வாடகை வீடு. பக்கத்து வீட்டுக்காரனும் அதே ஷிஃப்ட். சாயங்காலம் பீர் குடிக்கப் போவது தொழிலாளர் மன்றத்துக்கு. சங்கத்தில் உறுப்பினர், சங்கத்துக்குக் கட்டும் சந்தாவில் ஒரு பங்கு கட்சிக்கு. கட்சியே சங்கங்கள் பெற்ற பிள்ளை. 1900-ல் அதைத் தொடங்கியவர்களில் முக்கியமானவரான கெய்ர் ஹார்டி பத்து வயதிலேயே சுரங்கத்துக்குள் இறங்கியவர். இப்படிப்பட்ட ஊரில் தொழிலாளர் கட்சிக்கு ஓட்டுப் போடுவது யோசித்து எடுக்கும் முடிவே அல்ல. உள்ளூர் கால்பந்து அணியை ஆதரிப்பது மாதிரி.

விதிவிலக்கையும் பார்க்க வேண்டும். அதே 1964-ல் உடலுழைப்பாளர்களில் நூற்றுக்கு 28 பேர் கன்சர்வேட்டிவ் கட்சிக்குப் போட்டிருக்கிறார்கள். உழைப்பாளர்களே பெரும்பான்மையாக இருந்த நாட்டில் இந்த ஓட்டு இல்லாமல் அந்தக் கட்சி ஆட்சிக்கே வந்திருக்க முடியாது. முடியாட்சி மீது பற்று, நாட்டின் மீது பெருமை, ஆளப் பிறந்தவர்கள் ஆளட்டும் என்ற எண்ணம் என்று பல காரணங்கள் சொல்லப்பட்டன. வேலை ஒரு சாய்வைத்தான் தருகிறது, சங்கிலி போட்டுக் கட்டுவதில்லை என்பதை அந்தக் காலமே காட்டிவிட்டது.

கோடு அழிந்தது எப்படி?

முதலில் வேலையே போனது. 1920 வாக்கில் பிரிட்டனில் சுரங்கத் தொழிலாளர்கள் பத்து லட்சத்துக்கும் மேல். 1984-ல் பெரிய வேலைநிறுத்தம் தொடங்கியபோது சுமார் 1.8 லட்சம். 2015 டிசம்பரில் கெல்லிங்லி சுரங்கம் மூடப்பட்டதோடு ஆழமான நிலக்கரிச் சுரங்கம் என்று ஒன்றும் மிச்சமில்லை. சங்க உறுப்பினர் எண்ணிக்கை 1979-ல் 1.3 கோடியைத் தொட்டது. இப்போது அதில் ஏறக்குறைய பாதி.

அடுத்து வீடு. 1980-ல் மார்கரெட் தாட்சர் அரசு உள்ளாட்சி வீடுகளில் வாடகைக்கு இருந்தவர்களே அவற்றைத் தள்ளுபடி விலைக்கு வாங்கலாம் என்று சட்டம் கொண்டுவந்தது. அந்தப் பத்தாண்டில் மட்டும் பத்து லட்சம் வீடுகள் அளவுக்குக் கைமாறின. அதே எலக்ட்ரீஷியன், அதே தெரு. ஆனால் இப்போது அவர் வீட்டுக்காரர். வட்டி விகிதமும் சொத்து மதிப்பும் அவருக்குச் சொந்தக் கவலைகள் ஆகிவிட்டன. தாட்சர் ஜெயித்த தேர்தல்களில் சி2 வாக்காளர்கள் பெருமளவில் அவர் பக்கம் போனதை இதோடு சேர்த்துப் பார்க்கலாம்.

கட்சியும் மாறியது. 1979-ல் பெரிய கட்சிகளின் எம்.பி.க்களில் சுமார் 16 சதவீதம் பேர் முன்பு உடலுழைப்பு வேலை செய்தவர்கள். 2010-ல் அது 4 சதவீதம். டிவியில் பேசும் தொழிலாளர் கட்சிக்காரரும் கன்சர்வேட்டிவ் கட்சிக்காரரும் ஒரே மாதிரி கோட்டு, ஒரே மாதிரி உச்சரிப்பு, பல நேரம் ஒரே பல்கலைக்கழகம். இவர் நம்ம ஆள் என்று சொல்ல என்ன மிச்சம்?

2019-ல் யூகவ் நிறுவனத்தின் கருத்துக்கணிப்பில் தொழிலாளர் கட்சிக்கு மேல் மூட்டையில் கிடைத்தது 33 சதவீதம். கீழ் மூட்டையில் கிடைத்ததும் 33 சதவீதம். கழித்தால் பூஜ்யம். பழைய கணக்கும் இதுவும் வேலைகளை ஒரே மாதிரி பிரிக்கவில்லை. முன்னே சொன்ன ஓய்வூதியக்காரர் சிக்கலும் இதில் இருக்கிறது. ஆகவே 42 பூஜ்யமாகிவிட்டது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக் கூடாது. ஆனால் எந்தத் திசையில் போயிருக்கிறது என்பதில் சந்தேகமில்லை.

படிப்பு உள்ளே வந்த கதை

அதே 2019 கணிப்பில் படிப்பு வாரியாகப் பார்த்தால் வேறு நாட்டுக்குள் வந்துவிட்ட மாதிரி இருக்கும். 16 வயதில் எழுதும் ஜிசிஎஸ்இ தேர்வோடு அல்லது அதற்கு முன்பே படிப்பை நிறுத்தியவர்களில் 58 சதவீதம் பேர் கன்சர்வேட்டிவ் கட்சிக்கும் 25 சதவீதம் பேர் தொழிலாளர் கட்சிக்கும் போட்டார்கள். பட்டதாரிகளில் கன்சர்வேட்டிவ் 29, தொழிலாளர் கட்சி 43. வேலையால் பிரியாத ஓட்டு படிப்பால் பிளந்துகொண்டு நிற்கிறது.

இது முன்பே ஏன் தெரியவில்லை? பட்டதாரிகளே இல்லை, அதுதான் எளிய பதில். 1960-களின் தொடக்கத்தில் பல்கலைக்கழகத்துக்குப் போன இளைஞர்கள் நூற்றுக்கு நாலைந்து பேர். அவர்களும் பெரும்பாலும் வசதியான வீட்டுப் பிள்ளைகள், அப்பா ஓட்டுப் போட்ட கன்சர்வேட்டிவ் கட்சிக்கே தாங்களும் போட்டவர்கள். 1992-ல் பாலிடெக்னிக்குகள் பல்கலைக்கழகங்கள் ஆயின. 1999-ல் தொழிலாளர் கட்சிப் பிரதமர் டோனி பிளேர் இளைஞர்களில் பாதிப் பேர் உயர்கல்விக்குப் போக வேண்டும் என்று இலக்கு வைத்தார். இங்கிலாந்தில் 2017-18 கல்வியாண்டில் அந்தப் பாதியைத் தொட்டார்கள். 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 16 வயதுக்கு மேற்பட்டோரில் மூன்றில் ஒருவருக்குப் பட்டமோ அதற்கு இணையான தகுதியோ இருக்கிறது. நூற்றுக்கு நாலு பேரை நம்பி ஒரு கட்சி அரசியல் செய்ய முடியாது. முப்பது பேரை நம்பிச் செய்யலாம்.

இந்தப் பிளவை எல்லோர் கண்ணுக்கும் தெரிய வைத்தது 2016 ஜூன் 23-ல் நடந்த பிரெக்சிட் வாக்கெடுப்பு. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகலாம் என்று 51.9 சதவீதம் பேர் சொன்னார்கள். யூகவ் கணக்கில் ஜிசிஎஸ்இ அல்லது அதற்கும் குறைவாகப் படித்தவர்களில் 70 சதவீதம் பேர் விலகச் சொன்னார்கள், பட்டதாரிகளில் 68 சதவீதம் பேர் இருக்கச் சொன்னார்கள். பல்கலைக்கழக ஊரான கேம்பிரிட்ஜில் இருப்பதற்கு 73.8 சதவீதம். லிங்கன்ஷயரில் காய்கறித் தோட்டங்கள் சூழ்ந்த பாஸ்டன் என்ற சிற்றூர்ப் பகுதியில் விலகுவதற்கு 75.6 சதவீதம். இரண்டுக்கும் நடுவே சுமார் நூறு கிலோமீட்டர்தான்.

இரண்டு கேள்விகள், இரண்டு விடைகள்

அரசியல் நம்மிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறது என்று நினைப்பதால்தான் இதெல்லாம் புதிராகத் தெரிகிறது. உண்மையில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன.

ஒன்று பணப்பையைப் பற்றியது. வரி எவ்வளவு, யார் கட்டுவது? சங்கத்துக்கு எவ்வளவு அதிகாரம்? மருத்துவமனையை அரசு நடத்துவதா, தனியாரா? இன்னொன்று நாம் என்பது யார் என்பதைப் பற்றியது. வெளிநாட்டிலிருந்து எத்தனை பேர் வரலாம்? தேசம், மரபு, தண்டனை, ஒழுங்கு, ஒருபால் திருமணம் போன்ற விஷயங்களில் எவ்வளவு மாற்றம் வரலாம்?

முதல் கேள்விக்கு ஒருவர் சொல்லும் பதில் அவருடைய வேலையோடும் வருமானத்தோடும் சொத்தோடும் ஒட்டிப் போகிறது. இரண்டாவதற்குச் சொல்லும் பதில் படிப்போடு ஒட்டிப் போகிறது. மேற்கு ஐரோப்பா முழுக்க ஆய்வுகளில் இந்த ஒழுங்கு திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது.

கற்பனையாக இரண்டு பேரை வைத்துக்கொள்வோம். ஒருவர் பிளம்பர், 16 வயதில் பள்ளியை விட்டவர். சொந்த வேன், கடன் அடைத்த வீடு, கையில் நல்ல காசு. மற்றவர் முனைவர் பட்டம் பெற்றவர். பல்கலைக்கழகத்தில் ஒன்பது மாத ஒப்பந்தத்தில் பாடம் எடுக்கிறார், அறையைப் பங்கிட்டு வாடகைக்கு இருக்கிறார். யார் வசதியானவர்? பிளம்பர்தான். யார் நடுத்தர வர்க்கம்? அட்டவணை விரிவுரையாளரைக் காட்டும். தேர்தல் பையைப் பற்றியது என்றால் பிளம்பர் வலப்பக்கமும் (கன்சர்வேட்டிவ் பக்கம்) விரிவுரையாளர் இடப்பக்கமும் (தொழிலாளர் கட்சிப் பக்கம்) சாய்வார்கள். நாம் யார் என்பதைப் பற்றியது என்றாலும் பெரும்பாலும் அதே பக்கம்தான். ஆக இவர்கள் இருவர் விஷயத்திலும் இரண்டு கேள்விகளும் ஒரே திசையில் தள்ளுகின்றன. ஆனால் ஒரு கிடங்குத் தொழிலாளியை யோசியுங்கள். பை அவரை இடப்பக்கம் இழுக்கிறது, மற்றது வலப்பக்கம். எந்தத் தேர்தலில் எந்தக் கேள்வி சத்தமாக ஒலிக்கிறதோ, அந்தப் பக்கம் போவார். 2016 வாக்குச் சீட்டில் இரண்டாவது கேள்வி மட்டும்தான் இருந்தது. 2019 தேர்தலும் கிட்டத்தட்ட அதையே திரும்பக் கேட்டது. போல்சோவர் விழுந்தது இப்படித்தான்.

பிரெஞ்சுப் பொருளியலாளர் தாமஸ் பிக்கெட்டி பிரான்ஸ், பிரிட்டன், அமெரிக்கா மூன்றிலும் இந்த மாற்றத்தை அளந்து பார்த்தவர். 1950-களில் குறைவாகப் படித்தவர்களின் கட்சிகளாக இருந்த இடதுசாரிக் கட்சிகள் இப்போது அதிகம் படித்தவர்களின் கட்சிகளாகிவிட்டன, பெரும் பணக்காரர்கள் மட்டும் வலப்பக்கமே நிற்கிறார்கள் என்கிறார். இதற்கு அவர் வைத்த பெயர் 'பிராமண இடது, வணிக வலது'. நம் ஊர்ச் சாதியமைப்பிலிருந்து எடுத்த உவமை. படிப்பை மூலதனமாக வைத்திருப்பவர்கள் ஒரு பக்கம், பணத்தை வைத்திருப்பவர்கள் இன்னொரு பக்கம் என்று சொல்ல வருகிறார். தமிழில் இந்தச் சொல்லைப் படிக்கும்போது கொஞ்சம் திடுக்கிடத்தான் செய்கிறது. அங்கே பிராமணர் என்பது வெறும் உருவகம், நமக்கு அப்படி இல்லை.

படித்தால் மனம் மாறுகிறதா?

பட்டதாரிகள் இப்படி ஓட்டுப் போடுவதற்குப் பல்கலைக்கழகம்தான் காரணமா? இங்கேதான் பலரும் வழுக்கி விழுகிறார்கள். படித்தவர்களுக்கு விவரம் தெரியும், அதனால் அப்படிப் போடுகிறார்கள் என்று ஒரு விளக்கம் அடிக்கடி காதில் விழும். எனக்கு அந்த விளக்கத்தில் நம்பிக்கை இல்லை. பட்டதாரிகளுக்கும் சுயநலம் உண்டு. ஐரோப்பாவில் எங்கு வேண்டுமானாலும் வேலை தேடலாம் என்பது கணக்காளருக்கு வாய்ப்பு. போலந்திலிருந்து யார் வேண்டுமானாலும் இங்கே வேலை தேடலாம் என்பது கட்டடத் தொழிலாளிக்குப் போட்டியாகத் தெரியலாம். இருவரும் அவரவர் நிலைமையிலிருந்துதான் பேசுகிறார்கள்.

வயதைக் கணக்கில் எடுக்காமல் விட்டால் இன்னும் ஏமாறுவோம். பிரிட்டனில் 1972 வரை 15 வயதில் பள்ளியை விடலாம். ஆகவே குறைவாகப் படித்தவர்கள் என்ற குழுவில் பெரும் பகுதி முதியவர்கள். வயதானவர்கள் கன்சர்வேட்டிவ் பக்கம் சாய்வது தனியாகவே உள்ள விஷயம். அந்த 58 சதவீதத்தில் ஒரு பங்கு படிப்பின் வேலை அல்ல, வயதின் வேலை. ஒரே வயதுக்காரர்களை மட்டும் ஒப்பிட்டாலும் படிப்பால் வரும் இடைவெளி மறைந்துவிடுவதில்லை, ஆனால் சுருங்குகிறது. ஒரே வீட்டில் வளர்ந்த உடன்பிறப்புகளில் பட்டம் வாங்கியவரையும் வாங்காதவரையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் இன்னும் சுருங்குகிறது. அதாவது கல்லூரிக்குள் நுழையும்போதே பலர் வேறு மாதிரிதான் இருக்கிறார்கள். வீடு, பெற்றோர், பள்ளி எல்லாம் முன்பே வேலையைத் தொடங்கிவிட்டன.

கல்லூரி முடிந்த பிறகு நடப்பதும் கணக்கில் வர வேண்டும். சுரங்கத் தொழிலாளியின் மகள் மான்செஸ்டரில் படிக்கிறாள், அங்கேயே வேலை, கூடப் படித்தவனையே கல்யாணம் செய்துகொள்கிறாள், நண்பர்கள் எல்லோரும் பட்டதாரிகள். அவள் ஓட்டு இப்போது மான்செஸ்டரில். அப்பாவும் அம்மாவும் ஊரில். இப்படி ஊர் ஊராக இளம் பட்டதாரிகள் கிளம்பிப் போனால், யாருமே மனம் மாறாவிட்டாலும் தொகுதியின் நிறம் மாறும். போல்சோவர் கட்சி மாறியது என்பதற்கு அங்கிருந்த ஒவ்வொரு சுரங்கத் தொழிலாளியும் கட்சி மாறினார் என்று அர்த்தமில்லை. சிலர் மாறினார்கள், சிலர் இறந்துபோனார்கள், சிலரின் பிள்ளைகள் ஊரை விட்டுப் போனார்கள், சிலர் ஓட்டுப் போடவே போகவில்லை. ஊரின் எண்ணை வைத்து ஆளின் மனதைச் சொல்வது கருத்துக்கணிப்பு படிக்கத் தொடங்குபவர்கள் எல்லோரும் செய்யும் தவறு. பத்திரிகைகளும் செய்கின்றன.

ஓட்டின் மீது வேலைக்கு இருந்த செல்வாக்கு முழுக்க ஓய்ந்துவிட்டதா என்றால், இல்லை. மேல், கீழ் என்று மட்டும் பார்த்தால்தான் அப்படித் தெரிகிறது. சுவிஸ் சமூகவியலாளர் டேனியல் ஊஷ் வேலையைப் படுக்கைவாட்டிலும் பிரித்துப் பார்த்தார். மனிதர்களோடு வேலை செய்பவர்கள் ஒரு வகை: ஆசிரியர், செவிலியர், சமூகப் பணியாளர். நிறுவனத்தின் ஏணியில் ஏறுபவர்கள் இன்னொரு வகை: மேலாளர், வங்கி அதிகாரி. இயந்திரத்தோடும் தொழில்நுட்பத்தோடும் வேலை செய்பவர்கள் வேறு. சொந்தத் தொழில் செய்பவர்கள் வேறு. ஒரே பட்டம், கிட்டத்தட்ட ஒரே சம்பளம் என்றாலும் ஆசிரியர் இடப்பக்கமும் மேலாளர் வலப்பக்கமும் சாய்வதைப் பல நாடுகளில் பார்க்கலாம். நாள் முழுக்க எதிரில் ஒரு மனிதரை வைத்துக்கொண்டு வேலை செய்வது ஒரு விதமான பழக்கம், லாபக் கணக்கை எதிரில் வைத்துக்கொண்டு செய்வது இன்னொரு விதம். சம்பளம் கொடுப்பது அரசா, தனியாரா என்பதும் இதில் இருக்கிறது.

இந்தப் பொதுவிதிகள் எல்லோருக்கும் ஒரே மாதிரி பொருந்துவதில்லை. பிரிட்டனின் கறுப்பின மக்களும் பாகிஸ்தான், வங்கதேச வம்சாவளியினரும் படிப்பு எவ்வளவாக இருந்தாலும் நெடுங்காலமாகத் தொழிலாளர் கட்சிப் பக்கமே அதிகம் நின்றவர்கள். அமெரிக்காவிலும் வெள்ளையரிடையே படிப்பு போடும் பிளவு கறுப்பின மக்களிடையே அந்த அளவு தெரிவதில்லை.

2024 ஜூலையில் தொழிலாளர் கட்சி வெறும் 33.7 சதவீத ஓட்டில் பெரும் வெற்றி பெற்றது. பாஸ்டன் அடங்கிய தொகுதி வலதுசாரி ரிஃபார்ம் கட்சியின் ரிச்சர்ட் டைஸுக்குப் போனது. பட்டதாரிகள் நிறைந்த பிரிஸ்டல் சென்ட்ரல் தொகுதியைப் பசுமைக் கட்சி பிடித்தது. படிப்புக் கோடு இப்போது இரண்டு பெரிய கட்சிகளுக்கு நடுவில் மட்டுமல்ல, அவற்றுக்கு வெளியேயும் ஓடுகிறது. போல்சோவர் மறுபடி தொழிலாளர் கட்சிக்கு வந்தது. ஆனால் அது கன்சர்வேட்டிவ் ஓட்டும் ரிஃபார்ம் ஓட்டும் நாடெங்கும் பிரிந்து கிடந்த தேர்தல். சுரங்க ஊர் வீட்டுக்குத் திரும்பிவிட்டது என்று அன்றிரவே எழுதியவர்கள் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன்.